உழவும் கல்வியும் – 12: திரூரில் பிறந்த நெல்

எளாவூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகிவிட்டாலும் ஏரிப்பாசன வயல்களில் நெல் இன்னும் விளைகிறது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் பார்த்து நடும் இந்தத் திருவள்ளூர் மாவட்டத்துக்கு நெல் ஆராய்ச்சி வெகு தொலைவில் இல்லை. திருவள்ளூரை அடுத்த திரூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

இந்தப் பல்கலைக்கழகத்தின் வேர் சென்னை சைதாப்பேட்டையில் 1868-இல் தொடங்கிய வேளாண் பள்ளி. அது 1906-இல் கோயம்புத்தூருக்கு மாறி, 1971-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பயிர் மரபியல், உழவியல், பூச்சியியல், நோயியல் எனத் துறைகள் கோவையில் இயங்க, அந்தந்த மண்ணுக்கும் பட்டத்துக்கும் உரிய ஆய்வை மாவட்ட நிலையங்கள் செய்கின்றன.

திரூரின் பெயரை உலகறியச் செய்தது டி.கே.எம். 6 என்னும் நெல் ரகம். ஜி.ஈ.பி. 24 என்னும் ரகம் அதன் பெற்றோரில் ஒன்று. தண்டுத் துளைப்பானையும் பாக்டீரியா இலைக்கருகலையும் தாங்கும் திறன் டி.கே.எம். 6-இல் இருந்ததால், பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதைக் கலப்புக்கு எடுத்துக்கொண்டது. அப்படிப் பிறந்து 1969-இல் வெளியானதே தமிழக உழவர்கள் ஆண்டுக்கணக்கில் நட்ட ஐ.ஆர். 20. ஆசியா முழுதும் பரவிய ஐ.ஆர். 36-இன் மூதாதையரிலும் டி.கே.எம். 6 உண்டு. திரூரில் பின்னர் உருவானவற்றுள் டி.கே.எம். 9 சிவப்பரிசி தரும் குறுகிய கால ரகம், டி.கே.எம். 13 சுமார் 130 நாளில் விளையும் சன்ன ரகம்.

ஒரு ரகம் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். கலப்புச் செய்த பின் தலைமுறை தலைமுறையாகத் தெரிவு நடக்கும். தேறியவை முதலில் நிலையத்திலும், பிறகு பல ஊர்களிலும், கடைசியில் உழவர் வயல்களிலும் சோதிக்கப்படும். இதற்கெல்லாம் மூலதனம் பழைய நெல்வகைகள். அவற்றின் விதைகளைக் கோவையில் நெல் அறிஞர் கே. இராமையா பெயரிலுள்ள மரபணு வங்கி பாதுகாக்கிறது. வெளியான ரகம் வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதை என்று படிப்படியாகப் பெருக்கப்பட்டு உழவரை அடைகிறது.

விதையோடு அறிவும் வயலுக்குப் போகவேண்டும். அதற்காக அமைந்தவையே வேளாண் அறிவியல் நிலையங்கள். நாட்டின் முதல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் இந்தப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் தொடங்கியது. திருவள்ளூர் மாவட்டத்துக்கான நிலையம் திரூரிலேயே இருக்கிறது. புது ரகத்தையும் புது முறையையும் உழவர் நிலத்திலேயே செய்துகாட்டுவதும், உழவருக்கும் ஊர் இளைஞருக்கும் பயிற்சி தருவதும் அதன் வேலை. வயலில் கண்ட பூச்சி, நோய், உவர் பற்றிய செய்திகள் அதன் வழியே ஆய்வாளரிடம் திரும்பிச் சேர்கின்றன. ‘உழவரின் வளரும் வேளாண்மை’ என்னும் மாத இதழையும் பல்கலைக்கழகம் தமிழில் வெளியிடுகிறது.

இவை பொதுப்பணத்தில் நடப்பவை. ஆகவே உழவருக்கு உரிமையானவை. எளாவூர்ப் பக்கத்து உழவர்கள் அடுத்த பட்டத்துக்கு விதை வாங்குமுன் திரூரில் ஒருமுறை விசாரிப்பது நல்லது. வாங்கும் மூட்டையில் சான்று விதைக்கான நீல அட்டை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.