லாரித் தட்டில் ஒரு நாடக மேடை

1965 செப்டம்பரில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டெலானோ என்னும் ஊரைச் சுற்றியிருந்த திராட்சைத் தோட்டங்களில் பிலிப்பினோ தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கியபோது, சீசர் சாவேசும் டொலோரஸ் ஹுவெர்ட்டாவும் நிறுவிய, பெரும்பாலும் மெக்சிக்க வம்சாவளியினரைக் கொண்ட சங்கம் சில நாட்களிலேயே அதில் இணைந்தது. அவ்வூரிலேயே விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்த லூயிஸ் வால்டெஸ், அதே ஆண்டில் ‘எல் தியேட்ரோ காம்பெசினோ’, அதாவது உழவர் நாடக அரங்கு, என்ற குழுவைத் தொடங்கினார். கூலிகளே நடிகர்களாகி, முதலாளி, கங்காணி எனப் பாத்திரப் பெயர் எழுதிய அட்டைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ‘ஆக்தோ’ எனப்பட்ட கேலிக் குறுநாடகங்களை லாரித் தட்டின்மேல் நடித்தனர். துண்டறிக்கை படிக்க இயலாதவர்களையும் இந்தக் கேலி எட்டியது என்பதே அதன் வலிமை. வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாகத் திராட்சை வாங்க மறுக்கும் புறக்கணிப்பு நாடெங்கும் பரவியதால், 1970-இல் தோட்ட உரிமையாளர்கள் ஒப்பந்தத்துக்கு இசைந்தனர். மெக்சிக்க அமெரிக்க இளைஞர்கள் போதிய சான்றின்றிக் கொலைக் குற்றவாளிகளாக்கப்பட்ட 1940-களின் வழக்கொன்றை அடிப்படையாகக் கொண்டு வால்டெஸ் எழுதிய ‘சூட் சூட்’ நாடகம், 1979-இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கை எட்டியது.