லெஸ்ஸா, ஃபியூவரா? ஆபீஸ் மெயிலில் அர்த்தத்தையே மாற்றும் சின்னச் சொற்கள்

அடுத்த புராஜெக்ட்டுக்கு ஆள் கேட்டு மேனேஜருக்கு மெயில் எழுதுறீங்க. 'வி நீட் ஃபியூவர் எக்ஸ்பீரியன்ஸ்டு பீப்பிள்' என்றால், அனுபவசாலிகள் இத்தனை பேர் தேவையில்லை, எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்று அர்த்தம். 'வி நீட் லெஸ் எக்ஸ்பீரியன்ஸ்டு பீப்பிள்' என்றால், அனுபவம் குறைந்தவர்களே போதும். மாறியது ஒரே ஒரு சொல். ஆனால் டீமில் யார் இருப்பார், யார் வெளியேறுவார் என்பதே மாறிவிடுகிறது.

விதி உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒன்று, இரண்டு என எண்ண முடிந்தால் ஃபியூவர், முடியாவிட்டால் லெஸ். பிறகு ஏன் தடுமாறுகிறோம்? தமிழில் 'இன்னைக்கு வண்டி குறைவு', 'இந்த வருஷம் மழை குறைவு' இரண்டுக்கும் ஒரே சொல் போதும். ஆங்கிலமும் முழு நியாயமாக நடந்துகொள்வதில்லை. அதிகம் என்று சொல்ல இரண்டுக்குமே 'மோர்' என்ற ஒரே சொல்தான். குறைவு என்று வரும்போது மட்டும் இரண்டாகப் பிரிக்கிறது.

இது வானத்திலிருந்து விழுந்த விதியும் இல்லை. 1770-ல் ராபர்ட் பேக்கர் என்பவர் தன் புத்தகத்தில் சொந்த விருப்பமாகச் சொன்னது, பின்னாளில் இலக்கணமாக இறுகிவிட்டது. பிரிட்டனின் டெஸ்கோ கடைகளில் இருந்த '10 ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' பலகை மீது புகார்கள் கிளம்ப, 2008-ல் அதை 'அப் டு 10 ஐட்டம்ஸ்' என்று மாற்ற முடிவு செய்தார்கள். பேச்சில் லெஸ் என்று சொன்னால் குடிமுழுகிப் போகாது. ரெஸ்யூமேயிலும் கிளையண்ட் ரிப்போர்ட்டிலும் கவனிங்க.

பணம், நேரம், தூரம் வந்தால் மட்டும் எண் இருந்தாலும் லெஸ்தான்: 'லெஸ் தேன் 500 ருபீஸ்', 'லெஸ் தேன் 3 இயர்ஸ்'. இவற்றைத் தனித்தனி நாணயமாக, வருடமாக எண்ணாமல், மொத்த அளவாகப் பார்க்கிறோம்.

நம் ஆபீஸ்களில் வழக்கமாகச் சறுக்கும் இடம் வேறு. சாஃப்ட்வேர், எக்விப்மென்ட், ஃபீட்பேக், இன்ஃபர்மேஷன் ஆகியவை எண்ண முடியாத சொற்கள். ஆகவே 'ஃபியூவர் ஃபீட்பேக்ஸ்' இல்லை, 'லெஸ் ஃபீட்பேக்'. அதேபோல 'மச் மோர் பீப்பிள்' தவறு, 'மெனி மோர் பீப்பிள்' சரி.

'த்ரீ டைம்ஸ் மோர்' என்பதை நான் எழுதுவதே இல்லை. 10 லட்சம் விற்றது இப்போது 'த்ரீ டைம்ஸ் மோர்' என்றால் 30 லட்சமா, 40 லட்சமா? இரண்டு விதமாகவும் படிப்பவர்கள் இருக்கிறார்கள். 'த்ரீ டைம்ஸ் ஆஸ் மச்' என்றால் 30 லட்சம்தான், சண்டையில்லை.

ஆனால் பையில் கைவைக்கும் தவறு பெர்சென்ட், பெர்சென்டேஜ் பாயின்ட் குழப்பம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த இரண்டையும் குழப்பித் தலைப்பு போட்டு, மறுநாள் திருத்தம் வெளியிட்டவன் நான். 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 6.5%-லிருந்து 6.25% ஆக்கியது. இது 0.25 பெர்சென்டேஜ் பாயின்ட் குறைவு. வங்கிக்காரர்கள் 25 பேசிஸ் பாயின்ட் என்பார்கள். பெர்சென்ட்டில் சொன்னால் சுமார் 3.8% குறைவு. '0.25 பெர்சென்ட் குறைந்தது' என்பதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால், வட்டி 6.48% அளவில்தான் நின்றிருக்க வேண்டும்.

என்ன பெரிய வித்தியாசம் என்கிறீர்களா? 20 வருடத்துக்கு 50 லட்சம் வீட்டுக் கடன், வட்டி 8.5% என்று வைத்துக்கொள்ளுங்க. இஎம்ஐ சுமார் 43,390 ரூபாய். வட்டி 0.25 பெர்சென்டேஜ் பாயின்ட் குறைந்து 8.25% ஆனால், மாதம் ஏறக்குறைய 790 ரூபாய் மிச்சம். 8.5-ல் வெறும் 0.25 பெர்சென்ட் குறைந்தால் மிச்சமாவது 70 ரூபாய்கூட இல்லை.