நாட்பட்ட நோய் மேலாண்மையில் ஆரம்ப சுகாதாரக் குழுவின் பணிப்பகிர்வு: மதுரைத் திருநகர்ப் பகுதியை முன்வைத்து

முன்னுரை

காய்ச்சலுக்கு மருந்து பெற்றவர் குணமானபின் மருத்துவமனைக்கு மீண்டும் வர வேண்டியதில்லை. உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் உடையோர்க்கு மருந்தும் அளவீடும் வாழ்நாள் முழுவதும் தேவைப்படுகின்றன. ஆகவே இந்நோய்களைப் பொறுத்தவரை மருத்துவர் எத்தனை பேர் உள்ளனர் என்பதோடு, எப்பணியை எவர் செய்கின்றனர் என்பதும் முதன்மையான வினாவாகிறது. அதனை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

நோய்ச்சுமையும் மருத்துவரின் நேரமும்

2020ஆம் ஆண்டில் தமிழகத்தில் நடத்தப்பட்ட தொற்றா நோய்க் காரணிகள் குறித்த கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் 33.9 விழுக்காட்டினர் உயர் இரத்த அழுத்தம் உடையோர். அவர்களுள் நோய் கட்டுக்குள் இருந்தோர் 7.3 விழுக்காட்டினரே. நீரிழிவு உடையோரில் இவ்வளவு 10.8 விழுக்காடு.

மதுரையின் தென்மேற்கில் அமைந்த திருநகர், அருகிலுள்ள ஹார்விபட்டியுடன் 2011இல் மாநகராட்சியில் இணைக்கப்பட்டது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று 50,000 மக்களுக்கு என்பது விதிமுறை. அவர்களில் வயது வந்தோர் ஏறத்தாழ 33,000 எனக் கொண்டால், உயர் இரத்த அழுத்தம் உடையோர் சுமார் 11,000 பேர் ஆவர். பாதிப் பேர் தனியார் மருத்துவரை நாடினும், எஞ்சியோர் மாதம் ஒருமுறை வந்தால் 25 வேலை நாட்களில் நாளொன்றுக்கு 220 பேர் வருவர். ஒருவருக்கு ஐந்து நிமிடம் எனினும் பதினெட்டு மணிநேரம் தேவை. காய்ச்சல், காயம், மகப்பேற்றுக் கவனிப்பு ஆகியன இக்கணக்கில் சேரவில்லை. ஓரிரு மருத்துவரால் மட்டும் இச்சுமையைத் தாங்க இயலாது என்பது இதனால் பெறப்படும்.

பணிப்பகிர்வு

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இச்சிக்கலுக்குப் பணிப்பகிர்வின் வழி தீர்வு காண முயல்கிறது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் பார்க்கின்றனர். மருந்துகளையும் கொண்டு சேர்க்கின்றனர். நடமாட இயலாதோர்க்கு இயன்முறை மருத்துவரும், நோய்த்தணிப்புச் சிகிச்சைச் செவிலியரும் இல்லம் தேடி வருகின்றனர். நோயைக் கண்டறிதலும் மருந்தின் அளவை மாற்றுதலும் மருத்துவரின் பொறுப்பாக நிற்கின்றன. இங்கிலாந்திலும் 2004இல் பொது மருத்துவர்களுக்கான ஒப்பந்தம் மாறியபின், நாட்பட்ட நோயாளரின் வழக்கமான பரிசோதனைகளைச் செவிலியர் பெருமளவில் மேற்கொள்ளலாயினர்.

திரும்பும் வழி

இப்பகிர்வின் வலிமை, தகவல் மேல்நோக்கித் திரும்புவதைப் பொறுத்தது. தன்னார்வலர் வீட்டில் 170 என்ற அழுத்தத்தைக் காண்கிறார். மருந்தின் அளவை மாற்றும் உரிமை அவருக்கு இல்லை. அவ்வெண் மருத்துவரை எட்டாவிடின், பயனளிக்காத பழைய மருந்தே மாதந்தோறும் வீடு வந்து சேரும். மருந்து கிடைத்தது எனப் பதிவேடு காட்டும். நோயோ கட்டுக்குள் வராது. கிராமப்புறத்தில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையமும், அதன் கிராம சுகாதாரச் செவிலியரும் இவ்விணைப்புக்குத் துணையாவர். நகர்ப்புறத்திலோ செவிலியர் ஒருவருக்கு 10,000 பேர் என்பது விதிமுறை. எனவே திருநகர் போன்ற புதிய மாநகரப் பகுதிகளில் அவ்விணைப்பை நகர்ப்புற நிலையமே திட்டமிட்டு அமைத்தல் வேண்டும்.

தன்னார்வலர் பெறுவது ஊக்கத்தொகையே. நிரந்தர ஊதியம் அன்று. நாட்பட்ட நோய் மேலாண்மையோ பல்லாண்டுத் தொடர்பை வேண்டுவது. ஒருவர் விலகும்போது, எந்த வீட்டில் எவர் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்ற அறிவும் அவரோடு விலகுகிறது.

முடிவுரை

நாட்பட்ட நோயைக் கட்டுப்படுத்தும் குழுவுக்கு மூன்று கூறுகள் இன்றியமையாதன: தெளிவான பணிப்பகிர்வு, வீட்டில் கண்ட அளவீடு மருத்துவரைச் சென்றடையும் வழி, பணியாளரின் நிலைபேறு. முதற்கூறில் தமிழகம் முன்னேறியுள்ளது. மற்ற இரண்டும் வலுப்பெறும்போதே வீடு தேடிச் சென்ற மருந்து நோயைக் கட்டுக்குள் கொணரும்.