பலெர்மோவில் மூன்று தினங்கள்

சிசிலித் தீவின் தலைநகராகிய பலெர்மோவுக்குக் கோடை விடுமுறையில் நண்பர்கள் நால்வர் சென்றிருந்தோம். ஐந்தாமவரால் வர இயலவில்லை. ஜேர்மனியில் அவரது அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு கிடைக்கவில்லை. அதுவரை எல்லை கடக்க அனுமதியில்லை. தம் பெயரால் மலையில் ஒரு மெழுகுதிரி ஏற்றும்படி மட்டும் கேட்டுக்கொண்டார்.

சுமார் 600 மீற்றர் உயரமான பெல்லெக்ரீனோ மலையின் குகையொன்றில் புனித றொசாலியாவின் ஆலயம் அமைந்துள்ளது. 1624இல் பரவிய கொள்ளைநோயினின்று நகரைக் காத்தவர் அவர் என்பது மக்களின் நம்பிக்கை. கூரைப் பாறையிலிருந்து சொட்டும் நீரை உலோகப் பீலிகள் ஏந்திச் செல்கின்றன. இவ்வூர்த் தமிழர், சைவர்கள் உட்பட, இம்மலையேறி வழிபடுவது வழக்கம். திரியை ஏற்றிவிட்டுச் சற்றுநேரம் ஒருவரும் பேசவில்லை.

இறங்கியதும் கடும்பசி. பலாறோ சந்தையில் கடலைமாவைக் களியாகக் கிண்டி, மெல்லிய துண்டுகளாக்கிப் பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தருகின்றனர். பனெல்லே என்பது பெயர். உறைப்பு ஒன்றுதான் குறை! குங்குமப்பூச் சோற்றுருண்டைக்குள் இறைச்சிக் குழம்பு வைத்துப் பொரித்த அரஞ்சினா ஒன்றே ஒருவரின் மதிய உணவுக்குப் போதும்.

இரவு உணவகத்தில் அமர்ந்தபோது, உண்ணாத பாணுக்கும் சேர்த்துத் தலைக்கொரு கட்டணம் அறவிட்டார்கள். 'கொப்பெர்த்தோ' என அது விலைப்பட்டியலில் சிறிய எழுத்தில் இருக்கும். குடும்பமாகச் செல்வோர் முதலிலேயே பார்த்துக்கொள்க.