காமர்ஸ் படிக்காதவர் வணிக வழக்கறிஞர் ஆகலாமா?

பிளஸ் 2-வில் அறிவியல் குரூப், கல்லூரியில் தாவரவியலோ வரலாறோ. வீட்டில் யாரும் தொழில் நடத்தியதில்லை. கம்பெனி சட்டமெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வருமா? பெரம்பலூர், அரியலூர் பக்கம் சட்டம் படிக்க நினைக்கும் பல பட்டதாரிகளின் தயக்கம் இதுதான்.

விதிகளில் அப்படி எந்தத் தடையும் கிடையாது. எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியிருந்தாலும் 3 ஆண்டு எல்.எல்.பி. சேரலாம், பொதுப் பிரிவினருக்குக் குறைந்தபட்சம் 45 சதவீத மதிப்பெண் வேண்டும். பிளஸ் 2 முடித்தவர்களுக்கு 5 ஆண்டுப் படிப்பு. பக்கத்தில் திருச்சியிலேயே அரசு சட்டக் கல்லூரியும் தேசிய சட்டப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. பல்கலைக்கழகத்துக்கான 'கிளாட்' தேர்வில் கணக்குப்பதிவியல் ஒரு பாடமே அல்ல.

பின்னணி இல்லை என்பதும் பாதிதான் உண்மை. அரியலூரில் சிமென்ட் ஆலைகள், சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள். பெரம்பலூரில் டயர் தொழிற்சாலை, எறையூர் சர்க்கரை ஆலை, செட்டிகுளம் சின்ன வெங்காயம். லாரி வாடகை பாக்கி, திரும்பி வந்த செக் எல்லாம் திண்ணையில் கேட்டு வளர்ந்த சங்கதிகள். வணிகச் சட்டத்தின் அன்றாட வேலையே அதுதான். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பணம் தர 15 நாள் அவகாசம். அதுவும் கழிந்தால் ஒரு மாதத்துக்குள் புகார். பொருளோ சேவையோ தரும் குறு, சிறு நிறுவனங்களுக்கு 2006-ம் ஆண்டுச் சட்டம் இன்னும் பலம். என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குமேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது. மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல 3 மடங்கு வட்டி, அதுவும் மாதாந்திரக் கூட்டுவட்டி! இது தெரியாததால் பாக்கியைக் கைகழுவியவர்கள் எத்தனை பேரோ.

குறை இருப்பது வேறு இடத்தில். பேலன்ஸ் ஷீட், ஜி.எஸ்.டி. கணக்கு வாசிக்கப் பழக வேண்டும். ஊரிலுள்ள ஆடிட்டர் அலுவலகத்தில் சில மாதம் உட்கார்ந்தால் பிடிபட்டுவிடும். தமிழ்வழியில் படித்தவர்களுக்குக் கணக்கைவிட, 40 பக்க ஆங்கில ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிப்பதுதான் மலைப்பு. அதற்குக் குறுக்குவழி இல்லை. முதல் சில வருடம் வருமானமும் சொற்பம்தான். வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

பதிவுக் கட்டணம் நினைத்துப் பயப்பட வேண்டாம். சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்குமேல் (எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125 ரூபாய்) பார் கவுன்சில்கள் கேட்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முத்திரைத்தாள் செலவு தனி.