உப்பும் வெள்ளியும் வெயிலும்

ஒளிப்படக் கலையின் முதல் அரை நூற்றாண்டில், கேமராவால் படம் பிடிப்பது பாதி வேலையாகவே இருந்தது. தாளைத் தேர்ந்தெடுத்து, மருந்து பூசி, நெகடிவோடு சேர்த்து வெயிலில் வைத்து, அலசி, உலர்த்தி எடுக்கும் மறுபாதி முழுவதும் கைவேலையாக நடந்தது. மருந்து பூசிய தாள் ஆலைகளிலிருந்து கடைக்கு வரத் தொடங்கியதும் இக்கைத்தொழில் படிப்படியாக மறைந்தது. அதன் செய்முறைக் குறிப்புகள் மறையவில்லை. பழைய கையேடுகளில் எடையும் அளவும் எழுதப்பட்டே இருக்கின்றன. ஆயினும் அக்குறிப்புகளை மட்டும் நம்பித் தொடங்குவோருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் திட்டுத்திட்டான கறைதான் என்பதால், இம்முறைகளில் இன்றும் படைப்புகளை உருவாக்கிவரும் கலைஞர்களின் அருகில் நின்று கற்பதற்கு ஈடான வழி வேறில்லை.

தாளில் அச்சிடும் முறைகளுள் மிகப் பழையதும், பார்வைக்கு மிக எளியதும் உப்புத்தாள் அச்சு. இங்கிலாந்தில் லேக்காக் அபி என்னும் தம் இல்லத்தில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1830களில் வளர்த்தெடுத்து, 1839இல் உலகுக்கு அறிவித்த இம்முறையில், நல்ல தாளைச் சமையல் உப்பின் மெல்லிய கரைசலில் நனைத்து உலர்த்தி, அதன்மேல் வெள்ளி நைட்ரேட் கரைசலைப் பூசுவார்கள். இரண்டும் கலந்து, ஒளி பட்டால் கறுக்கும் வெள்ளி குளோரைடு தாளின் இழைகளிலேயே உருவாகும். உப்பைக் கூட்டினால் தாள் கூடுதலாகக் கறுக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் உப்பு குறைந்த இடங்களே விரைவாகக் கறுக்கின்றன என்பதை டால்பட் தம் சோதனைத் தாள்களில் கவனித்தார். உப்போடு சேர்ந்தது போக மிஞ்சி நிற்கும் வெள்ளி நைட்ரேட், ஒளியால் பிரியும் குளோரினைப் பற்றிக்கொண்டு மேலும் மேலும் வெள்ளி குளோரைடாக மாறுவதாலேயே படம் ஆழம் பெறுகிறது என்பது இதன் விளக்கம். உப்புக்கும் வெள்ளிக்கும் இடையிலான இந்த விகிதத்தை எண்ணாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட தாள் எவ்வளவு கரைசலை உறிஞ்சும் என்பதும், அன்றைய காற்றின் ஈரம் அதை எப்படி மாற்றும் என்பதும் தூரிகை இழுபடும்போது கையில்தான் தெரியும்.

ஆகவே கற்பிக்கும் கலைஞர் முதலில் பழக்குவது மருந்துக் கலவையை அன்று, பூச்சைத்தான். உலோகப் பட்டை இல்லாத தூரிகையை எடுக்க வேண்டும், ஏனெனில் வெள்ளிக் கரைசல் உலோகத்தோடு வினைபுரியும். முதலில் நெடுக்காகவும் உடனே குறுக்காகவும் இழுக்க வேண்டும். ஈரப் பளபளப்பு அடங்கும் தருணத்தில் நிறுத்த வேண்டும். உலர்ந்த தாளின்மேல் நெகடிவை வைத்து அச்சுச் சட்டத்தில் பூட்டும்போது, அச்சட்டத்தின் முதுகுப்பலகை இரண்டாகப் பிளந்து கீல் போட்டிருப்பதன் பயன் விளங்கும்: ஒரு பாதியைத் திறந்து படம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கும் வேளையில் மறுபாதி, நெகடிவும் தாளும் நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. இதற்குப் பின்னரே மிகக் கடினமான பாடம் வருகிறது. நிலைப்படுத்தும் ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட், மிஞ்சிய வெள்ளி உப்பைக் கரைப்பதோடு படத்தின் கருமையையும் கணிசமாகக் குறைத்துவிடும் என்பதால், வெயிலிலிருந்து எடுக்கும்போது படம் கெட்டுவிட்டது என்று தோன்றும் அளவுக்குக் கறுத்திருக்க வேண்டும். நிழற்பகுதிகளில் வெண்கல மினுக்கம் தோன்றும் வரை பொறுக்கச் சொல்லி மாணவரின் கையைத் தடுத்து நிறுத்த ஓர் ஆசிரியர் பக்கத்தில் இல்லையெனில், கண்ணுக்கு அழகாக இருக்கும் கட்டத்திலேயே எடுத்து, ஹைப்போவில் வெளிறவிடுவதே வழக்கமாக நடக்கும்.

ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851இல் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை இக்கைப்பழக்கத்தை இன்னும் கூர்மையாகக் கேட்பது. நைட்ரேட் ஏற்றிய பஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்த பசைநீரான கொலோடியனைக் கண்ணாடித் தகட்டின் நான்கு மூலைகளுக்கும் ஓடவிட்டு, எஞ்சியதைக் கடைசி மூலை வழியே குப்பியில் வடித்து, வெள்ளிக் குளியலில் இறக்கி, ஈரம் காயுமுன் படம் எடுத்து, உருத்துலக்கியும் முடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கிடைப்பது சில நிமிடங்களே. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் மார்க் ஆஸ்டர்மன், ஃபிரான்ஸ் ஸ்கல்லி ஆஸ்டர்மன் இணையர் பல்லாண்டுகளாக இக்கலையைக் கற்பித்துவந்தனர். மார்க், அந்நகரின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் அருங்காட்சியகத்தில் செய்முறை வரலாற்றாய்வாளராகவும் பணியாற்றினார். புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் சாலி மான் இவர்களிடமே இம்முறையைக் கற்று, பின்னர் தகட்டில் நேரும் வழிசல்களையும் உரிவுகளையும் தம் படங்களின் மொழியாகவே ஆக்கிக்கொண்டார். பழைய மருந்துகளுள் சில கொடியவை என்பதும் நேர்முகப் பயிற்சிக்கு வலுவான காரணமாகும்; கொலோடியன் தகடுகளை நிலைப்படுத்த அக்காலத்தில் பொட்டாசியம் சயனைடு பரவலாகப் பயன்பட்டது, மற்றொரு பழைய முறையான பிசின் அச்சுக்குரிய டைக்ரோமேட் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது, வெள்ளி நைட்ரேட் தோலைக் கறுக்கச் செய்வதோடு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு.

இவ்வாறு கற்றவரின் கண் பழைய படத்தையும் வேறுவிதமாகப் பார்க்கிறது. 1850இல் பிரான்சில் பிளாங்கார்-எவ்ரார் அறிமுகப்படுத்திய ஆல்புமென் அச்சில், உப்பு கலந்த முட்டை வெண்கரு தாளின்மேல் பளபளப்பான படலமாகப் படிகிறது. இத்தாளைச் செய்த ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத் தொழிற்சாலை ஒன்று, 1888ஆம் ஆண்டில் மட்டும் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளைச் செலவிட்டது. பழைய ஆல்பங்களில் காணும் மஞ்சள் பழுப்பைப் பலரும் அக்காலப் படங்களின் இயல்பான நிறம் என்றே எண்ணுகிறார்கள். அது வெண்கரு மூப்படைந்ததாலும் படம் மங்கியதாலும் வந்த நிறம். பொன் குளோரைடில் நிறமேற்றிய புதிய ஆல்புமென் அச்சு ஊதா கலந்த ஆழ்ந்த பழுப்பில் இருக்கும் என்பதை, ஒன்றைத் தாமே அச்சிட்டுப் பார்த்தவர் மறக்க மாட்டார்.

தமிழகத்துக்கு இதில் நெருங்கிய தொடர்பு உண்டு. சென்னை அரசின் ஒளிப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1857-58இல் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் முதலிய இடங்களில் எடுத்த படங்கள் இம்முறைகளின் விளைபொருள்களே. முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைத்துக்கொள்ளக்கூடிய, மெழுகிட்ட காகித நெகடிவ்களை அவர் நீண்ட பயணங்களுக்கென விரும்பிப் பயன்படுத்தினார். அக்கால மருந்துகள் நீல ஒளியை மிகையாக உணர்ந்ததால் வானம் வெறும் வெண்மையாகவே அச்சில் விழுந்தது. டிரைப் நெகடிவின்மேல் வண்ணம் தீட்டி மேகங்களை வருவித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை அவர் பகுதி பகுதியாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளப் படமாக்கினார். ஒவ்வோர் அச்சும் அடுத்ததோடு நிறம் பொருந்த வேண்டும் என்பதன் அருமை, வெயில் மாறமாற இரண்டே தாள்களை ஒரே நிறத்தில் எடுக்க முயன்றவருக்கு உடனே விளங்கும். கலை வரலாறு பயில்வோரும் ஆவணக் காப்பாளரும் ஒருமுறையேனும் தம் கையால் இவ்வச்சுகளை எடுத்துப் பழக வேண்டும் என்பது இதனால்தான்.

அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஒளிப்படக் கலை ஒரு பாடமாகக் கற்பிக்கப்பட்டது. அப்பள்ளியே இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக இயங்குகிறது. உப்புக்கும் வெயிலுக்கும் குறைவில்லாத இந்நகரில், இம்முறைகளில் தேர்ந்த கலைஞர்களை அழைத்துவந்து மாணவர்களின் கையில் தூரிகையும் அச்சுச் சட்டமும் மீண்டும் சேர அக்கல்லூரி வழிசெய்ய வேண்டும்.