ஒளியில் மடங்கும் மூலக்கூறு

நம்ம சிவகாசி அச்சகங்களில் ஓடும் மஞ்சள் மையின் நிறமி பெரும்பாலும் அசோ குடும்பம்தான்: ரெண்டு நைட்ரஜன், நடுவில் இரட்டைப் பிணைப்பு. அதே பிணைப்புள்ள அசோபென்சீன் மேல் 365 நானோமீட்டர் புற ஊதா ஒளி பட்டால் நீட்டி நின்ற மூலக்கூறு மடங்கும். நீல ஒளியில் நிமிரும். மடங்கிய வடிவத்தை ஹார்ட்லி 1937-லேயே கண்டுபிடித்துவிட்டார்.

இதை கிராஃபீன் மேல் ஒட்டினால்? அது ஒரே அணு தடிமன், முழுக்க மேற்பரப்புதான். மடங்கும்போது மூலக்கூறின் இருமுனைத் திருப்புத்திறன் கிட்டத்தட்ட 0-விலிருந்து 3 டிபை ஆகிறது; அந்த மின்புலத்தால் கீழே எலெக்ட்ரான் அடர்த்தி மாறும். என் பார்வையில், ஒளியால் எழுதி அழிக்கக்கூடிய பிட்.

ஆனா மடங்கினது இருட்டிலும் தானே நிமிர்ந்துவிடும், சூடு ஏற ஏற வேகமாக. சூலக்கரை மே மாத வெயிலில் இந்த மெமரியை நம்ப முடியுமா? டையரிலீத்தீனின் இரு வடிவங்களும் வெப்பம் தாங்குபவை. என் ஓட்டு அதுக்குத்தான்.